உப்புக் காலம், கப்பல் காலம்

கத்திரி வெயிலில் கடற்கரைக் கோட்டை பார்க்கக் கிளம்புகிறேன் என்று சொன்னால் எந்த வீட்டிலும் தடை போடுவார்கள். மார்கழி, தையில் போ, பனி இருக்கும், வெயில் உறைக்காது என்பார்கள். கோயிலுக்கோ மலைக்கோ போவதானால் அது நல்ல யோசனைதான். ஆனால் சோழமண்டலக் கரையின் பழைய துறைமுகங்களுக்குக் கோடைதான் உயிர். சித்திரையிலும் வைகாசியிலும் அங்கே போய் நிற்பவருக்குத்தான் ஐரோப்பியக் கம்பெனிக்காரர்கள் இந்த மணலில் எதைத் தேடி வந்தார்கள் என்பது விளங்கும்.

காரணம் காற்று. கொச்சியைப் போல, கோவாவைப் போல இந்தக் கரையில் கப்பல் ஒதுங்க ஒரு வளைவு கிடையாது. நீண்ட நேர்க்கோடாக மணல், அதன்மேல் ஓயாமல் உடையும் அலை. பெரிய கப்பல்கள் ஆழம் பார்த்துக் கரையிலிருந்து எட்டத்தில் நங்கூரம் இடும். சரக்கும் ஆளும் கரைக்கு வந்து சேர்வது சலங்கு என்ற தட்டைப் படகில். அதில் ஆணியே இருக்காது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கிப் போட்டாலும் பலகை நெளிந்து கொடுக்கும், பிளக்காது. ஐரோப்பியப் படகுகள் உடைந்த அலையை இந்தச் சலங்குகள்தான் தாண்டின. அதுவும் வானம் தெளிந்த மாதங்களில் மட்டும். ஐப்பசி நெருங்கி வாடைக் காற்று எழுந்துவிட்டால் கப்பல்கள் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு போய்விடும். புயலில் சிக்கிக் கரையில் மோதிய கப்பல்களின் பட்டியல் நீளமானது. தை பிறந்த பிறகுதான் மறுபடி பாய்மரம் தென்படும்.

உப்பளத்துக்கும் இதே கணக்குதான். தையில் பாத்தி கட்டத் தொடங்கினால் கோடை முழுக்க விளைச்சல், ஐப்பசி மழையோடு வேலை முடிவு. உப்புக்கும் கப்பலுக்கும் ஒரே பருவம் அமைந்த கரை இது. கூனிமேட்டில் புறப்பட்டு வடக்கே சதுரங்கப்பட்டினம் வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர் போனால் இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

கூனிமேட்டைக் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்தில் கடப்பவர்கள் பலர், இறங்குபவர்கள் குறைவு. புதுச்சேரிக்கு வடக்கே 20 கிலோமீட்டர் அளவில் சாலையை ஒட்டி ஊர், பள்ளிவாசல், கடைகள், கடலை ஒட்டிக் குப்பம். இந்த ஊர் ஆங்கிலேயரின் பழைய ஏடுகளில் கோனிமியர் என்று பதிவாகியிருக்கிறது. சென்னைக்குத் தெற்கே துணி வாங்க ஓர் இடம் தேடிய ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1681இன் இறுதியில் எலைஹு யேல் என்ற தன் அதிகாரியைச் செஞ்சிக்கு அனுப்பியது. செஞ்சி அப்போது மராத்தியர் கையில். சிவாஜியின் மருமகன் ஹர்ஜி அதன் ஆளுநர். பேச்சுவார்த்தையின் பலனாகப் பரங்கிப்பேட்டை, கடலூர், கூனிமேடு மூன்றிலும் வணிகம் செய்ய அனுமதி கிடைத்தது. 1682 வாக்கில் கூனிமேட்டில் பண்டகசாலை எழுந்தது. பின்னாளில் சென்னையின் கவர்னராகி, அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கே பெயர் கொடுத்த யேலின் வாழ்க்கையில் இந்தச் சின்ன ஊருக்கும் ஒரு பக்கம் உண்டு.

அந்தப் பண்டகசாலை நிலைக்கவில்லை. 1690இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயர் விலைக்கு வாங்கினார்கள். அதற்குச் செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தபின் கூனிமேட்டின் தேவை குறைந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கைவிட்டுவிட்டார்கள். இன்று பார்ப்பதற்குச் சுவர் எதுவும் இல்லை. இருப்பது கடலும் படகுகளும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஃபைபர் படகுகளுக்குத் தடை இல்லை. அதனால் கோடையில் குப்பத்துக் கரையில் விடியற்காலையிலேயே ஏலம் கேட்கும். சலங்குகள் நின்றிருக்க வேண்டிய மணலில் இப்போது வலை பிரிக்கிறார்கள்.

மரக்காணத்தில் பொழுது விடியுமுன் இருக்க வேண்டும். சுமார் 3,500 ஏக்கரில் உப்பளம். தமிழ்நாட்டில் தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்துப் பேசப்படும் உப்பூர் இதுதான். உப்பு வாருவது வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டிய வேலை. நீண்ட மூங்கில் கழியின் நுனியில் பொருத்திய பலகையைப் பாத்தியின் அடிவரை இறக்கி, படிந்த உப்பைக் கரைநோக்கி மெதுவாக இழுக்கிறார் ஒருவர். அழுத்திவிட்டால் சேறு கலந்துவிடும். விட்டுப்பிடித்தால் உப்பு பலகையை விட்டு நழுவும். நீருக்குள் உப்புப் பரல் நொறுங்கும் சத்தம் நன்றாகக் கேட்கிறது. முதலில் வரும் உப்பு அழுக்குச் சாம்பல் நிறம். வரப்பில் குவித்து நீர் வடிய விட்ட பிறகே வெள்ளை ஏறும். ஏழு, எட்டு மணிக்குள் அந்த வெள்ளை கண்ணைக் கூச ஆரம்பித்துவிடும். சும்மாட்டின்மேல் அன்னக்கூடையை ஏற்றிக்கொண்டு பெண்கள் வரப்பில் வரிசையாக நடக்கிறார்கள். அவர்கள் பாதங்களைப் பார்த்தால் இந்தத் தொழிலின் விலை தெரியும். தோல் வெளுத்து, குதிகாலில் வெடிப்பு ஓடி, ஆறாமல் கிடக்கிறது.

ஒரு லிட்டர் கடல்நீரில் எல்லா உப்புகளும் சேர்த்து 35 கிராம் அளவே உண்டு. அந்த நீரைப் பாத்தி மாற்றிப் பாத்தியாக வெயிலில் வற்றவைத்து, நீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவில் 25 பாகைக்குக் கொண்டுவந்தால்தான் சோற்றுப்பு பரலாக விழும். வெயில் குறைந்த நாளில் விளைச்சல் குறையும். நடுவில் ஒரு கோடைமழை பெய்தால் பல நாள் உழைப்பு கரைந்துபோகும். ஊரெல்லாம் மழைக்கு ஏங்கும்போது மழை வேண்டாமே என்று வானத்தைப் பார்ப்பவர்கள் இவர்கள்தான். மழைமாதங்களில் வேலை இல்லாத உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. ஒரு பருவம் முழுவதையும் தாண்ட அது போதாது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

உப்பளத்துக்குப் பின்னால் கழுவெளி ஏரி விரிந்து கிடக்கிறது. பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகத் தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர்ப் பரப்பு. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கோடையில் வலசைப் பறவைகள் குறைவு. ஆந்திரத்திலிருந்து சென்னை வழியாக வரும் பக்கிங்காம் கால்வாயும் இந்தப் பகுதியில்தான் முடிகிறது. ஒரு காலத்தில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் அதில் போயின.

இந்தக் கரைக்குச் சங்க காலத்திலேயே ஒரு தமிழர் பயணக் குறிப்பு எழுதியிருக்கிறார் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நல்லூர் நத்தத்தனார், மரக்காணத்துக்கு வடக்கே இருக்கும் இடைக்கழிநாட்டைச் சேர்ந்தவர். வறுமையில் வாடும் ஒரு பாணனுக்கு, ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனிடம் போக அவர் வழி சொல்கிறார். எந்த ஊர் வழியாகப் போக வேண்டும், எங்கே என்ன சாப்பாடு கிடைக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார். அதில் முதலில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அங்கே அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமரக் கட்டைகளை நெய்தல் பெண்கள் விறகாக எரிக்கிறார்கள். வரும் பாணனுக்குக் கள்ளும் சுட்ட மீனும் கிடைக்கும். எங்கோ கடல் கடந்து விளைந்த மரம் இந்தக் கரையில் அடுப்பெரிகிறது என்றால், டச்சுக்காரர் வருவதற்கு ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கடலில் போக்குவரத்து இருந்திருக்கும் என்று ஊகிக்கத் தோன்றுகிறது. ஊர் ஊராகச் சாப்பாடு சொல்லும் அந்தப் பழக்கத்தை இன்றும் பின்பற்றலாம். சாலையோரக் குவியல்களில் தர்பூசணி, பனைமர நிழலில் நுங்கு, மண்பானையில் மோர்.

கடப்பாக்கத்தில் சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. ஆற்காட்டு நவாப்புகள் காலத்துச் செங்கல் கட்டடம். 1750இல் தக்காணச் சுபேதார் முசாபர் ஜங் இதைப் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்குக் கொடுத்தார். பத்தே ஆண்டுகளில், 1760இல், ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். மிச்சத்தில் ஒரு பகுதியை 2004 ஆழிப்பேரலை கொண்டுபோனது. உடைந்த கொத்தளத்தின்மேல் ஏறி நின்றால் கீழே கழிமுகம், அதற்கப்பால் மணல்திட்டு, அதற்கப்பால் கடல். புகைப்படம் எடுக்க வருகிற கூட்டம் இங்கே அதிகம். கோட்டையின் வரலாற்றைச் சொல்ல ஆள் இல்லை.

ஆக, கூனிமேடு ஆங்கிலேயருக்கு, ஆலம்பரை பிரெஞ்சுக்காரருக்கு, இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் டச்சுக்காரருக்கு. காலம் வேறானாலும் இந்த இடங்கள் ஒன்றுக்கொன்று ஒரு பகல் பயணத் தூரத்தில்தான் இருக்கின்றன. எல்லோரும் வந்தது துணிக்காக.

செய்யூர்ப் பக்கத்து உப்பளங்களைத் தாண்டி, வறண்ட பாலாற்றைப் பாலத்தில் கடந்தால் வயலூர். பல்லவர் வம்சாவளியைச் சொல்லும் இராசசிம்மன் காலத்துத் தூண் கல்வெட்டால் வரலாற்று மாணவர்களுக்கு அறிமுகமான ஊர். அதை அடுத்துக் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் நகரியம். நகரியத்தை ஒட்டினாற்போலச் சதுரங்கப்பட்டினம்.

14ஆம் நூற்றாண்டில் சம்புவராய மன்னர் இராசநாராயணன் பெயரால் இராசநாராயணன் பட்டினம் என்று வழங்கிய ஊர் இது. பிறகு சதுரங்கப்பட்டினம் ஆகி, ஐரோப்பியர் வாயில் சத்ராஸ் என்று சுருங்கியது. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே பண்டகசாலை அமைத்தது. பிறகு அதைச் சுற்றிக் கோட்டை வளர்ந்தது. அந்தக் கம்பெனிக்கு இந்தக் கரையில் தலைமையிடம் முதலில் பழவேற்காடு, 1690 முதல் நாகப்பட்டினம். சதுரங்கப்பட்டினம் அந்த இரண்டுக்கும் நடுவே இருந்த சின்னத் துறைமுகம். மெல்லிய மஸ்லின் துணிக்குப் பெயர் போனது.

கோட்டை வாசலில் பழைய பீரங்கிகள் நிற்கின்றன. உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது ஆள் அரவமற்ற ஒரு பெரிய புல்வெளியும் சுற்றிலும் மெல்லிய செங்கல் சுவர்களும். மதிலின் பல பகுதிகளை இந்தியத் தொல்லியல் துறை எடுத்துக் கட்டியிருக்கிறது. புதுச் செங்கல்லின் சிவப்பும் பழைய செங்கல்லின் கருமையும் சேரும் கோடு தெளிவாகத் தெரிகிறது. சரக்கு அறைகளின் தடித்த சுவருக்குள் காலை வைத்தால் உடனே குளிர்ச்சி. வெளியே அனல் வீசும்போது உள்ளே அந்த வித்தியாசம் தோளில் படும். அகழ்ந்து பார்த்தபோது சீனப் பீங்கான் துண்டுகளும் புகைபிடிக்கும் களிமண் குழாய்களின் துண்டுகளும் கிடைத்தன.

சுற்றுச்சுவருக்குள் பூட்டிய கதவுடன் இருக்கிறது டச்சுக் கல்லறை. காவலரிடம் கேட்டுத் திறந்து உள்ளே போக வேண்டும். தரையோடு தரையாகப் பதித்த பெரிய கருங்கல் பலகைகள். ஒவ்வொன்றிலும் குடும்பச் சின்னம், கிரீடம், இலைக்கொடி, கீழே பெயரும் பதவியும் பிறந்த நாளும் இறந்த நாளும். சிலவற்றில் மண்டையோடும் குறுக்கே வைத்த எலும்புகளும். குனிந்து பார்த்தால் மண்டையோட்டின் பற்களைக்கூடத் தனித்தனியாகச் செதுக்கியிருப்பது தெரியும். இருநூறு, முந்நூறு மழைக்காலம் கண்ட பின்னும் பல பலகைகளில் எழுத்து மங்கவில்லை. இந்தக் கரையில் செதுக்கிய கல்லறைப் பலகைகளுக்கு அந்நாளில் அவ்வளவு மதிப்பு. இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவுக்கே இவற்றைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். மாமல்லபுரம் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது இதில் வியப்பதற்கில்லை. டச்சு எழுத்தை வெட்டியது தமிழ் உளி.

செத்தவர்களின் பெயர் இப்படிக் கல்லில் நிற்கிறது. அவர்கள் வாங்கி விற்ற துணியை நெய்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. காஞ்சிபுரம் தொட்டுச் சுற்றுவட்டார ஊர்களில் கைக்கோளரும் தேவாங்கரும் சேடரும் தறி போட்டார்கள். கம்பெனி உள்ளூர் வணிகரிடம் முன்பணம் கொடுக்கும். வணிகர் நெசவாளரிடம் கொடுப்பார். மணற்பாங்கான கடலோர நிலத்தில் விளைந்த சாயவேர் சிவப்பைக் கொடுத்தது. அவுரி நீலத்தைக் கொடுத்தது. இந்தத் துணி ஐரோப்பாவுக்குப் போனதைவிட இந்தோனேசியத் தீவுகளுக்குப் போனதுதான் கம்பெனிக்கு முக்கியம். அங்கே கிராம்பும் சாதிக்காயும் விளைவித்தவர்கள் இந்தத் துணியைத்தான் கேட்டார்கள். சோழமண்டலத் துணி இல்லையென்றால் அந்த மொலுக்கஸ் தீவுகளின் வணிகமே படுத்துவிடும் என்று 1612லேயே டச்சுக் கம்பெனி அதிகாரி ஹென்ட்ரிக் பிரௌவர் தன் மேலிடத்துக்கு எழுதினார். உலகத்தின் விலையுயர்ந்த சரக்கு ஒன்று நம் ஊர்த் தறியை நம்பி இருந்திருக்கிறது.

துணி மட்டும் ஏறவில்லை. பஞ்சம் வந்த ஆண்டுகளில் இந்தக் கரையிலிருந்து டச்சுக் கம்பெனி ஆயிரக்கணக்கில் அடிமைகளை வாங்கிப் பத்தாவியாவுக்கும் இலங்கைக்கும் அனுப்பியது. பழவேற்காடு அதற்குப் பெரிய துறை. கோட்டை பார்க்கப் போகிறவர் செங்கல்லின் அழகைப் பார்ப்பதோடு இதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

சென்னையில் ஆங்கிலேயர், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர், நடுவில் சதுரங்கப்பட்டினத்தில் நடுநிலை வகித்த டச்சுக்காரர். அதனால் 1754 ஜனவரியில் இரு தரப்புத் தூதர்களும் சமாதானம் பேச இங்கே கூடினார்கள். ஆங்கிலேயர் பக்கம் ராபர்ட் பால்க்கும் ஹென்றி வான்சிட்டார்ட்டும். ஆற்காட்டு நவாப் யார் என்பதில் சிக்கி, சனதுகள் என்ற நியமனப் பத்திரங்கள் மெய்யா போலியா என்ற சண்டையில் பேச்சு முறிந்தது. அதே ஆண்டில் துய்ப்ளே பிரான்சுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். 1782 பிப்ரவரி 17 அன்று இந்தக் கரைக்கு நேரே கடலில் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் மோதினார்கள். உலகக் கடற்போர் வரலாற்றில் அது சத்ராஸ் போர் என்றே பதிவாகியிருக்கிறது. கல்பாக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இந்த ஊரோடு சேர்த்து நினைக்க வேண்டிய ஒரு பெயர் யாக்கோப் ஹாஃப்னர். 1754இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் பிறந்து, டச்சுக் கம்பெனி வேலைக்கு வந்து, சதுரங்கப்பட்டினத்தில் கணக்கராக இருந்தவர். 1781இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்தபோது கைதியாகச் சென்னைக்குக் கொண்டுபோகப்பட்டார். ஹைதர் அலியுடன் நடந்த போரும் பஞ்சமும் சென்னையை வதைத்த நாட்கள் அவை. தெருவில் மக்கள் பட்டினியால் சாவதைக் கண்ணால் பார்த்தார். ஐரோப்பா திரும்பியபின், கம்பெனிகள் செய்த கொடுமையைக் கூசாமல் எழுதினார். கிறித்தவ மிஷனரிகளையும் விட்டுவைக்கவில்லை. மிஷனரிகளைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு ஹாலந்தின் டெய்லர் சங்கம் 1805இல் பரிசு கொடுத்தது. இந்தக் கரையோரம் பல்லக்கில் போன பயணத்தையும், மாமியா என்ற நாட்டியப் பெண்ணுடன் கொண்ட காதலையும், அவள் இறந்ததையும் 1808இல் ஆம்ஸ்டர்டாமில் நூலாக வெளியிட்டார். அடுத்த ஆண்டே இறந்துபோனார். டச்சில் மறுபதிப்பு கண்ட அந்த நூலைத் தமிழில் முழுமையாகப் படிக்கக் கிடைக்கச் செய்ய வேண்டும். அவர் கணக்கு எழுதிய கோட்டை நம் ஊரில்தானே இருக்கிறது.

1824 ஒப்பந்தத்தில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஆசியாவைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். சுமத்ராவின் பென்கூலன் டச்சுக்காரருக்கு, மலாக்காவும் இந்தியாவில் இருந்த டச்சு ஊர்களும் ஆங்கிலேயருக்கு. 1825இல் சதுரங்கப்பட்டினம் கைமாறியது. அதன்பின் இங்கே கப்பல் நிற்கக் காரணம் எதுவும் இல்லாமல் போயிற்று.

சதுரங்கப்பட்டினத்தை ஆண்ட இதே டச்சுக் கம்பெனியின் ஆறு கிளைகளில் ஒன்று ஹாலந்தின் வடக்கே எங்க்ஹவுசன் என்ற சிற்றூரில் இருந்தது. அந்தத் துறைமுகமும் நொடித்துப்போனது. 1932இல் பெரிய அணை கட்டி அதன் கடலையே ஏரியாக மாற்றிவிட்டார்கள். ஆனால் துறைமுக வாயிலில் 1540இல் எழுந்த கோபுரத்தை அவர்கள் விடவில்லை. மீனவர் வீடுகளையும் படகுகளையும் சேர்த்து ஓர் அருங்காட்சியகம் வைத்தார்கள். இளவெயில் காயும் அவர்களுடைய கோடையில் ஊர் நிறைய ஆட்கள். கம்பெனி அதிகாரியின் வீட்டுக்குக் கொடுத்த இடத்தை மீனவனின் குடிசைக்கும் கொடுத்திருக்கிறார்கள். சதுரங்கப்பட்டினத்தில் நடக்க வேண்டியதும் அதுதான்.

கோட்டைக்குள் ஓர் அறை போதும். ஒரு தறி, சாயவேர் ஒரு கட்டு, அவுரிக் கட்டி ஒன்று, தென்னங்கயிற்றால் தைத்த சலங்கின் மாதிரி, கல்லறைப் பலகைகளின் வாசகங்களுக்குத் தமிழாக்கம், கூனிமேட்டிலிருந்து பழவேற்காடு வரை எந்தக் கம்பெனி எங்கே கடை போட்டது என்று காட்டும் வரைபடம். இதற்குக் கோடிக்கணக்கில் பணம் தேவையில்லை. கைத்தறி தெரிந்தவர்கள் காஞ்சிபுரத்தில் இருக்கிறார்கள், உளி பிடிப்பவர்கள் மாமல்லபுரத்தில் இருக்கிறார்கள், கடல் தெரிந்தவர்கள் கோட்டைக்கு வெளியே குப்பத்திலேயே இருக்கிறார்கள்.

போக நினைப்பவர்கள் மரக்காணத்தில் காலை ஆறு மணிக்கு உப்பளம் பார்த்துவிட்டுக் கிளம்பினால், ஆலம்பரையில் ஓர் அரைமணி நேரம் நின்றாலும் பத்து மணிக்குள் சதுரங்கப்பட்டினம் சேர்ந்துவிடலாம். உச்சிவெயிலைச் சரக்கு அறை நிழலில் கழித்து, கடற்காற்று ஏறிய பிறகு கல்லறைப் பலகைகளைப் பார்ப்பது நல்லது. சாய்ந்த வெயிலில் செதுக்கு வேலை துலக்கமாகத் தெரியும். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். சென்னைக்குத் திரும்ப 70 கிலோமீட்டர், புதுச்சேரிப் பக்கம் திரும்புகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். புரட்டாசிக்குள் போய்விடுங்கள்.